எட்டுக் கம்பியில் திருத்தணி

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்க நின்று கீழே பார்க்கும்போது, பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது ரயில்தான். அரக்கோணம் பக்கமிருந்து வருகிறது, ஊருக்குள் நிற்கிறது, ரேணிகுண்டா பக்கம் போகிறது. “பொம்மை ரயில் மாதிரி இருக்குப்பா” என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தச் சொல்லில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 22 மீட்டர். உலகில் பலரும் வைத்திருக்கும் மாடல் ரயில் அளவுக்கு ‘ஹெச்.ஓ.’ என்று பெயர். அசலில் 87இல் ஒரு பங்கு அது. அந்த அளவில் அதே பெட்டி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர், பள்ளிப் பிள்ளைகளின் அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓடும் நிஜ ரயிலும், பதினொன்றரை மீட்டர் தள்ளி மேசைமேல் ஓடும் மாடல் ரயிலும் கண்ணுக்கு ஒரே அளவாகவே தெரியும்.

பெட்டியையும் இன்ஜினையும் சுருக்குவது கைவேலை. பொறுமை இருந்தால் முடிந்துவிடும். ரயிலைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கைச் சுருக்குவதுதான் கடினம். அந்த ஒழுங்கு எல்லைகளால் ஆனது, மலைமேலிருந்து பார்த்தால் தெரியாது. திருத்தணிக்கு எல்லைகளின் அருமை நன்றாகவே தெரியும். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் குழுவின் பரிந்துரைப்படி தமிழகத்தோடு சேர்ந்தது. இன்றும் ரயிலில் வடக்கே போனால் அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி, அதைத் தாண்டினால் ஆந்திரம். ரயிலுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டில்லை. அது மதிக்கும் எல்லை வேறு. தண்டவாளம் முழுவதும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்னால் இருக்கும் துண்டு காலியாக இருக்கிறது என்று உறுதியானால் ‘லைன் கிளியர்’. இல்லையென்றால் சிவப்பு. ரயில்வேயின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு வரியின்மேல் நிற்கிறது.

இந்த வரியைக் கண்ணால் பார்க்க, கையால் தொட, நான் அறிந்தவரை மிகச் சிறந்த வழி ஒன்று உண்டு. ஒரு மாடல் ரயிலையும் 1980களின் வீட்டுக் கணினி ஒன்றையும் ஒரே மேசையில் வைத்து இணைப்பது.

அந்தக் காலத்து வீட்டுக் கணினி என்பது விசைப்பலகைக்குள்ளேயே அடங்கிய ஒரு பெட்டி. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, புரோகிராமைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் கேசட். 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோவைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரமும் அமெரிக்காவின் கமடோர் 64உம் வந்தன. ஐரோப்பாவில் இவற்றை வாங்கியவர்களில் மாடல் ரயில் வைத்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் மாடியறையில் ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குக் கணினியைக் கட்டிப் பார்த்தார்கள்.

நம் நாட்டில் இந்தக் கணினிகள் வீட்டுக்குள் வந்ததைவிடப் பள்ளிக்குள் வந்ததுதான் அதிகம். 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவைத்தான். முதலில் 250 பள்ளிகள், பிறகு இரண்டாயிரத்துக்கும் மேல். 1988இல் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை இங்கேயே பூட்டி விற்றது. அதே புனேயில் 1998இல் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு குட்டி நகரமே அங்கே ரயில்களோடு ஓடுகிறது. கணினியும் குட்டி ரயிலும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. ஆனால் நம் பள்ளிக் கணினி அறைகளில் பிபிசி மைக்ரோ பெரும்பாலும் ‘பேசிக்’ மொழிக் கட்டளைகளை எழுதிப் பார்க்கும் பலகையாகவே காலம் தள்ளியது. அதன் அடிவயிற்றில் ஒரு வாசல் இருந்ததைப் பலரும் கவனிக்கவில்லை.

வாசல் என்று சொன்னது சும்மா இல்லை. பிபிசி மைக்ரோவைத் தலைகீழாகத் திருப்பினால் முன்விளிம்புக்கு அருகே வரிசையாகச் சில சாக்கெட்டுகள் இருக்கும். அதில் ஒன்று ‘யூசர் போர்ட்’, பயனருக்கென்றே விட்ட இடம். அதிலிருந்து வெளியே வரும் தகவல் கம்பிகள் எட்டு. உள்ளே 6522 என்ற சிப் அந்த எட்டையும் கவனிக்கிறது. கணினியின் நினைவகத்தில் 65,536 முகவரிகள் உண்டு. தெருவில் வீட்டு எண்கள் மாதிரி. அதில் 65120ஆம் எண் வீடு இந்த எட்டுக் கம்பி. அந்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால், அது நினைவகத்தில் போய்த் தூங்காது, கம்பியில் மின்னழுத்தமாக வெளியே வந்து நிற்கும். எட்டுக் கம்பிகளின் மதிப்பு முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 128. எந்தெந்தக் கம்பி உயிரோடு இருக்க வேண்டுமோ, அவற்றின் மதிப்பைக் கூட்டி எழுத வேண்டியதுதான். 5 என்றால் முதல் கம்பியும் மூன்றாம் கம்பியும். பக்கத்து வீடான 65122 ஒவ்வொரு கம்பியும் எந்தத் திசை என்பதைத் தீர்மானிக்கும். அங்கே 1 எழுதிய கம்பி வெளியே பேசும், 0 எழுதிய கம்பி வெளியே நடப்பதைக் கேட்கும்.

ஆகவே ?65122=15 என்று தட்டினால் முதல் நான்கு கம்பிகள் வாய், அடுத்த நான்கு காது. கேள்விக்குறிதான் இங்கே ‘இந்த முகவரியில்’ என்று பொருள் தரும் குறி. பிறகு ?65120=4 என்று தட்டினால், மூன்றாம் கம்பியில் ஏறத்தாழ 5 வோல்ட் ஏறும். வேறு மென்பொருள் வேண்டாம், டிரைவர் நிறுவ வேண்டாம், அனுமதி கேட்கும் சன்னல் எதுவும் திறக்காது. எழுதிய எண்ணுக்கும் கம்பிக்கும் நடுவே யாரும் இல்லை. கமடோர் 64இலும் இதே கதைதான், முகவரிதான் வேறு. அங்கே திசைக்கு 56579, கம்பிக்கு 56577.

இப்போது மேசைத் திருத்தணியைக் கட்டலாம். அசல் ஸ்டேஷனில் தடங்கள் கூடுதல். புரிந்துகொள்ள நமக்கு மூன்று பொருள் போதும். ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன், இரண்டும் பிரியும் இடத்தில் ஒரு பாயின்ட். அரக்கோணம் பக்கமிருந்து வரும் வண்டிக்கு ஒரு ஹோம் சிக்னல், புறப்படும் வண்டிக்கு ஒரு ஸ்டார்ட்டர். தூரத்தை அப்படியே சுருக்க நினைக்காதீர்கள். அரக்கோணத்திலிருந்து திருத்தணி சுமார் 13 கிலோமீட்டர். 87இல் ஒரு பங்கு என்றாலும் 150 மீட்டர் நீளத் தண்டவாளம் வேண்டும். அகலத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. அளவில் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் ஐரோப்பியப் பாதையைச் சுருக்கியது, அது 16.5 மில்லிமீட்டர்தான். இந்திய ரயிலை மாடலாகச் செய்பவர்கள் எல்லாருக்கும் இந்த மூன்று மில்லிமீட்டர் ஒரு மனக்குறை.

மாடல் ரயிலின் மின்சாரம் எளிமையானது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 12 வோல்ட் வரை நேர்மின்சாரம். அழுத்தம் கூடினால் வேகம் கூடும், இரு முனைகளையும் மாற்றினால் வண்டி பின்னால் போகும். இன்ஜின் மோட்டாருக்குச் சில நூறு மில்லி ஆம்பியர் தேவை. கணினிக் கம்பியால் தர முடிவது ஓரிரு மில்லி ஆம்பியர்தான். அதனால் நடுவில் ஆள் வேண்டும். யூ.எல்.என். 2003 என்ற மலிவான சிப் ஒன்றில் ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகள் இருக்கின்றன. கணினியின் மெல்லிய சைகையைக் கேட்டு அவை ரிலே என்ற மின்காந்த சுவிட்சை இழுக்கும். ரிலேயின் சுருளில் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், அதன் காந்தப்புலம் சரியும் வேகத்தில் பல மடங்கு அழுத்தம் எதிர்த்திசையில் எழும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டியில் மாடு திடீரென நின்றால், வண்டி மாட்டின் மேல் வந்து மோதுவது மாதிரி. அதைத் தாங்கிக்கொள்ள டயோடு வேண்டும். யூ.எல்.என். 2003க்குள் அந்த டயோடு முன்பே இருக்கிறது. தனி டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டுபவர்கள் அதை மறந்தால், போவது டிரான்சிஸ்டரோடு நிற்காது.

எந்தக் கம்பியும் இணைக்காமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிபிசி மைக்ரோவுக்குள்ளேயே ஒரு குட்டி ரிலே இருக்கிறது. கேசட் பிளேயரின் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வைத்தது அது. *MOTOR 1 என்ற கட்டளையைக் கொடுத்தால் விசைப்பலகைக்கு அடியிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். 0 கொடுத்தால் இன்னொரு ‘டிக்’. திரையில் எழுதிய எண் ஒன்று உலோகத் தகடு ஒன்றை நகர்த்தியிருக்கிறது. மென்பொருளுக்கும் உலகத்துக்கும் இடையே உள்ள கோடு எங்கே என்று யாராவது கேட்டால், நான் அந்தச் சத்தத்தைக் காட்டுவேன்.

நான்கு வாய்க் கம்பிகளைப் பங்கிடுவோம். 1 என்ற கம்பி பாயின்ட்டை மெயின் லைனுக்கு இழுக்கும், 2 லூப் லைனுக்கு. 4 ஹோம் சிக்னலைப் பச்சையாக்கும், 8 ஸ்டார்ட்டரை. சிக்னலுக்கு முன்னால் ஓர் இன்ஜின் நீளத்துக்குத் தண்டவாளத்தை வெட்டித் தனியாக்கி, சிக்னல் பச்சையானால்தான் அந்தத் துண்டுக்கு மின்சாரம் என்று கட்டிவிட்டால், சிவப்பைப் பார்த்து வண்டி தானே நிற்கும். பாயின்ட்டை இழுக்கும் மின்காந்தச் சுருள் பத்தில் ஒரு நொடி வேலைக்குச் செய்தது. அதிகம் விட்டால் கருகிவிடும். எனவே 1 எழுதி, பத்தில் ஒரு நொடி கழித்து 0 எழுத வேண்டும்.

காதுக் கம்பிகள் நான்கு. மெயின் லைன் காலியா, லூப் லைன் காலியா, பாயின்ட் உண்மையிலேயே மெயினில் படிந்திருக்கிறதா, லூப்பில் படிந்திருக்கிறதா. இவற்றுக்கு முறையே 16, 32, 64, 128. கடைசி இரண்டும் எதற்கு என்று தோன்றலாம். பாயின்ட்டை மெயினுக்குத் திருப்பு என்று நாம்தானே சொன்னோம், பிறகு எங்கே இருக்கிறது என்று ஏன் கேட்க வேண்டும்? சொன்னது வேறு, நடந்தது வேறு என்பதால். பாயின்ட்டின் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மணல் துணுக்கு மாட்டினால் போதும், நாக்கு பாதியில் நிற்கும். கணினியோ தான் சொன்னது நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும். இது மேசைமேல் மட்டும் நடக்கும் விஷயமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 அக்டோபர் 11 இரவு, திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கவரைப்பேட்டையில், மெயின் லைனுக்குச் சிக்னல் கிடைத்த பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் ஏறி, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. சிக்னல் சொல்வதும் தண்டவாளம் கிடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் உயிர்நாடி. அது அறுந்தால் என்ன ஆகும் என்பதை அன்று இரவு இந்த மாவட்டம் பார்த்தது.

இந்த ஒற்றுமையை வலியுறுத்தும் அமைப்புக்கு ரயில்வேயில் ‘இன்டர்லாக்கிங்’ என்று பெயர். இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். பாயின்ட் சரியாகத் திரும்பாமல் சிக்னல் நெம்புகோலை இழுக்கவே முடியாதபடி இரும்புச் சட்டங்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். நம் மேசையில் இரும்புச் சட்டத்துக்குப் பதில் எண். ஆனால் எண்ணை எழுதுமுன் ஒரு நுணுக்கத்தைத் தீர்க்க வேண்டும். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

‘காலி’ என்பதற்கு 1 வைப்பதா, 0 வைப்பதா? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, காலி என்றால் 1. அது தப்பு. 6522 சிப்பில் எதோடும் இணைக்காத கம்பி தானாகவே 1 என்று படிக்கும், அதன் உள்ளமைப்பு அப்படி. ஆகவே காலிக்கு 1 என்று வைத்துவிட்டு, ஓர் எலி கம்பியைக் கடித்துவிட்டால், கணினிக்குத் தடம் எப்போதும் காலி. வண்டி நின்றுகொண்டிருக்கும் தடத்துக்கு இன்னொரு வண்டியை அனுப்பும். மாறாக, காலி என்றால் 0 என்று வைத்து, உயிருள்ள ஒரு ரிலே கம்பியைக் கீழே பிடித்து வைத்திருந்தால்தான் 0 வரும் என்று கட்டினால், கம்பி அறுந்தாலும், ரிலே செத்தாலும், மின்சாரம் போனாலும் வருவது 1, அதாவது ‘வண்டி இருக்கிறது’. பழுது எது வந்தாலும் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற ‘டிராக் சர்க்யூட்’ இதே புத்திதான். தண்டவாளத்தின் வழியே சிறு மின்சாரம் ஓடி ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால் ரிலேவுக்கு மின்சாரம் கிடைக்காது, அது தன் கனத்தாலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் விரிசல்விட்டு உடைந்தாலும் அதே சிவப்பு.

இப்போது எண்ணை எழுதலாம். மெயின் லைனுக்குப் பச்சை கொடுக்க வேண்டுமானால் மூன்று காதுகளைக் கேட்க வேண்டும். 16, 64, 128. மூன்றும் சேர்ந்து 208. மெயின் காலி என்பதால் 16இல் 0, பாயின்ட் மெயினில் படிந்ததால் 64இல் 0, லூப்பில் இல்லை என்பதால் 128இல் 1. அதாவது 65120இல் படித்த எண்ணை 208ஆல் வடிகட்டினால் மிஞ்சுவது 128ஆக இருக்க வேண்டும். 128 என்றால் பச்சை. வேறு எந்த எண் வந்தாலும், காரணம் கேட்காமல், சிவப்பு. 64உம் 128உம் இரண்டுமே 1 என்றால் பாயின்ட் நடுவில் தொங்குகிறது. இரண்டுமே 0 என்றால் யாரோ வயரைத் தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். கேபிளையே பிடுங்கிவிட்டால் வருவது 208, அதுவும் சிவப்பு. லூப் லைனுக்கு என்ன எண் வரும் என்பதை வாசகர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 224ஆல் வடிகட்டி 64 வந்தால் உங்கள் கணக்கு சரி.

அதே உள்ளமைப்பில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கணினியை ஆன் செய்த அந்த நொடியில் எட்டுக் கம்பியும் காதுகள், எட்டும் 1 போலவே வெளியே தெரியும். ரிலே பலகைக்கு முன்பே மின்சாரம் கொடுத்திருந்தால் எல்லா ரிலேவும் ஒரே நேரத்தில் அடிக்கும், பாயின்ட்டின் இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். முதலில் கணினி, பிறகு திசை, பிறகு 0, கடைசியில்தான் ரிலே பலகை. இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

இவ்வளவு பழைய இயந்திரத்துக்கு இதற்கு வேகம் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் ரயில், ஹெச்.ஓ. அளவில் நொடிக்கு 19 சென்டிமீட்டர் போகும். பிபிசி மைக்ரோவின் கடிகாரம் நூறில் ஒரு நொடிக்கு ஒரு முறை எண்ணும். அந்த இடைவெளியில் வண்டி நகர்வது வெறும் 2 மில்லிமீட்டர். அதன் 6502 செயலி நொடிக்கு 20 லட்சம் துடிப்பு, ஒரு கட்டளைக்குச் சராசரி மூன்று நான்கு துடிப்பு. வண்டி ஒரு சென்டிமீட்டர் நகர்வதற்குள் இருபத்தைந்தாயிரம் கட்டளைகளாவது முடிந்திருக்கும். மெதுவான பேசிக்கில் எழுதினாலும் நொடிக்குச் சில நூறு வரிகள் ஓடும். நாற்பது ஆண்டு முதுமை இங்கே குறையே இல்லை.

மிச்சமாகும் நேரத்தில் கணினியை இன்னொரு வேலைக்கு வைக்கலாம். மாடல் ரயிலுக்கு இல்லாத கனத்தைக் கொடுப்பது. நீளம் 87இல் ஒரு பங்கானால் எடை 87இன் மும்மடிப் பங்காகச் சுருங்குகிறது, 6,58,503இல் ஒன்று. 40 டன் பெட்டி 61 கிராம் ஆகிறது. போதாக்குறைக்கு, இன்ஜினுக்குள் இருக்கும் திருகுப் பல்சக்கரம் மின்சாரம் நின்ற கணமே பூட்டிக்கொள்ளும். திருத்தணியில் வந்து நிற்கும் மின்சார ரயில் எவ்வளவு தூரத்திலிருந்தே வேகத்தைத் தணித்துக்கொண்டு வருகிறது என்று பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். மாடல் ரயிலோ சுவரில் முட்டியது போல நிற்கும். அதற்கு மருந்து, நூறில் ஒரு நொடிக்கு ஒருமுறை வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டுவதும் குறைப்பதும். முழு 12 வோல்ட்டையே விட்டு விட்டுத் தருவது வழக்கம். ஊஞ்சலை இடைவெளி விட்டுத் தள்ளுவது போல ஒவ்வொரு தள்ளும் முழுப் பலத்தோடு விழும், தள்ளுகளின் நீளம்தான் மாறும். அப்போது வண்டி திணறாமல் ஊர்ந்து கிளம்பும்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட இந்த முறை போதாது. 1980களின் நடுவில் ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம், தண்டவாளத்தின் வழியே ஒவ்வொரு இன்ஜினுக்கும் பெயர் சொல்லிக் கட்டளை அனுப்பும் முறையைக் கொண்டுவந்து, அதை வீட்டுக் கணினியோடு இணைக்க ஒரு பெட்டியும் விற்றது. 1990களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கம் வகுத்த டி.சி.சி. தரம் இன்று எங்கும் இருக்கிறது. அதில் 1 என்ற சைகையின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோநொடி. பிபிசி மைக்ரோவுக்கு அது 116 துடிப்பு, முப்பது கட்டளைக்கு இடம் இருக்கிறது. கமடோர் 64இன் துடிப்பு பாதிதான். அதோடு, படம் வரையும் அதன் சிப் சில வரிகளுக்கு ஒருமுறை செயலியைச் சுமார் 40 துடிப்பு நிறுத்திவைக்கும். சைகை கோணலாகிவிடும். திரையை அணைத்துவிட்டால் தொல்லை போய்விடும். கமடோரில் கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும்போது திரை வெறுமையாவதும் இதே காரணத்தால்தான்.

திரை இருக்கும்போது அதில் என்ன காட்டலாம்? ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருப்பதைப் போல ஒரு தடப் படம், காலி இடம் ஒரு நிறம், வண்டி நிற்கும் இடம் ஒரு நிறம், பக்கத்தில் ஸ்டேஷன் பெயர். அரக்கோணம், திருத்தணி, பொன்பாடி எல்லாம் எளிது. பொன்பாடிக்கு அடுத்து வருவதுதான் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, நாட்டின் மிக நீளமான ஸ்டேஷன் பெயர்களில் ஒன்று. ஆங்கிலத்தில் 28 எழுத்து. ஸ்பெக்ட்ரம் திரையின் ஒரு வரிக்கு 32 எழுத்து என்பதால் நான்கு இடம் மிச்சம் வைத்து அடங்கிவிடும். 22 எழுத்து மட்டுமே கொண்ட கமடோர் விக்-20இல் அடங்காது.

குட்டி ரயிலும் கணினியும் பழைய உறவினர்கள். 1946இல் தொடங்கிய அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாடல் ரயில் கழகத்தில், பழைய தொலைபேசி ரிலேக்களால் மேசைக்கு அடியில் கட்டுப்பாட்டுச் சுற்றுகளைக் கட்டிய மாணவர்கள்தான் பின்னர் கணினியை இரவு பகலாகக் குடைந்தார்கள். ‘ஹேக்கர்’ என்ற சொல் கணினிக்கு வந்த வழிகளில் அந்தக் கழகம் முக்கியமானது. ஆனால் அதைவிட நெருங்கிய உறவு ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது.

மோட்டரோலா நிறுவனம் 1974இல் 6800 என்ற செயலியை வெளியிட்டது. அதில் வேலை செய்த சக் பெடிலும் கூட்டாளிகளும் வெளியேறி, அதே சிந்தனையில் மலிவான இன்னொன்றை 1975இல் செய்தார்கள். விலை 25 டாலர். அதுதான் 6502, பிபிசி மைக்ரோவின் மூளை. கமடோர் 64இன் மூளையும் அதன் நேர் வாரிசு. 1985இல் பிரிட்டிஷ் ரயில்வே லீமிங்டன் ஸ்பா ஸ்டேஷனில் தன் முதல் ‘சாலிட் ஸ்டேட் இன்டர்லாக்கிங்’கை இயக்கியது. இரும்புச் சட்டமும் இல்லை, ரிலே மலையும் இல்லை. உள்ளே இருந்தது மோட்டரோலா 6800 குடும்பத்துச் செயலி. மூன்று கணினிகள் ஒரே கணக்கைப் போடும், இரண்டு பேர் சொல்வதை மூன்றாமவர் மறுத்தால் அவரை விலக்கிவிடுவார்கள். ஆக, வீட்டு மேசையில் குட்டி ரயிலை ஓட்டிய சிப்பும், நிஜ ஸ்டேஷனில் உயிர்களைக் காத்த சிப்பும் பங்காளிகள். இரண்டு ஆண்டில் அந்த வகைத் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வந்தது. 1987இல் அது முதலில் நிறுவப்பட்ட இடம் தெற்கு ரயில்வேயின் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். இந்தியாவில் சிக்னலைக் கணினியிடம் நம்பிக் கொடுத்த முதல் ஊர் ஒரு தமிழ்நாட்டுக் கோயில் நகரம்.

இன்று பத்தில் ஒரு பங்கு விலையில், ஆயிரம் மடங்கு வேகமான சின்னஞ்சிறு பலகைகள் கிடைக்கின்றன. கைபேசியிலிருந்தே குட்டி ரயிலை ஓட்டலாம். ரயில் ஓடினால் போதும் என்பவர்கள் அவற்றையே வாங்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ரயில் ஏன் மோதாமல் ஓடுகிறது என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால், 65120இல் 4 எழுதினால் சிக்னல் பச்சையாகும் இயந்திரத்துக்கு ஈடு இல்லை. கைபேசித் திரைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று அதைச் செய்தவருக்கே முழுதாகத் தெரியாது. இங்கே அடுக்கே இல்லை.

கிளாஸ் திட்டத்தில் கணினி பெற்ற பள்ளி ஏதாவது உங்கள் ஊரில் இருந்தால், அதன் ஸ்டோர் அறையைத் திறந்து பாருங்கள். பழைய பெஞ்சுகளுக்குப் பின்னால், மங்கிய வெள்ளைப் பெட்டியும் சிவப்பு விசைகளின் வரிசையும் தெரிந்தால், காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உடனே பிளக்கைச் செருகவும் வேண்டாம். அதன் பவர் சப்ளையில் கண்ணாடி போன்ற மஞ்சள் உறைக்குள் காகிதக் கண்டென்சர்கள் இருக்கும். இத்தனை ஆண்டில் உறை விரிசல்விட்டு ஈரம் ஏறியிருக்கும், மின்சாரம் பட்டால் புகை கக்கும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள், செலவு சில பத்து ரூபாய்தான். பிறகு ஆன் செய்து, *MOTOR 1 என்று கட்டளை கொடுத்து, அந்த ‘டிக்’ சத்தம் வருகிறதா என்று பிள்ளைகளைக் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.